'தொழில்' கட்டத்தில் ஒரு தவறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கார்த்திகையில் உங்கள் பத்திரிகையின் உள்பக்கம் ஒன்றில், கீழ்மூலையில், தீப்பெட்டி அளவுக் கறுப்புக் கட்டத்துக்குள் என் அம்மாவின் படம் வந்திருந்தது. ஆதார் அட்டைப் படம். கேமராவைப் பார்த்து மிரண்டு போன முகம். இன்னாரின் மனைவி, இன்னார் இன்னாரின் தாயார், வயது 85, இயற்கை எய்தினார் என்று நான்கு வரி. அதில் ஒரு தவறு இருக்கிறது. அது உங்கள் தவறு இல்லை, எழுதிக் கொடுத்தது என் அண்ணன். இன்னொரு தவறு உங்கள் பத்திரிகையில் வராதது, எங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலகத்துப் படிவத்தில் இருப்பது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று நீங்கள் போட்டிருப்பது தெரியும். வெட்டத்தான் வேண்டும் என்றால் என் கதையை வெட்டுங்கள், அம்மாவுடையதை விட்டுவிடுங்கள்.

முதலில் வயது. அம்மா பிறந்தது தாது வருஷம், ஐப்பசி அடைமழையில். இங்கிலீஷ் கணக்குக்கு 1936. ஆதார் எடுக்க வந்த பையன் பிறந்த தேதி கேட்டபோது அம்மா, "தாது வருசம் சாமி" என்றார். தாது என்று அடிக்க அவன் கம்ப்யூட்டரில் இடமில்லை. 01.01.1940 என்று போட்டுவிட்டான். எங்கள் ஊரில் கிழடுகளில் பாதிப்பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தான். அந்தப் பையன் போகிற போக்கில் கழித்துவிட்ட வயதைத்தான் அண்ணன் அப்படியே விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டான். அம்மாவுக்கு 89 முடிந்திருந்தது.

அம்மாவின் அப்பத்தாவுக்குத் தாது என்ற பேரே ஆகாதாம். முந்தைய தாது 1876இல் வந்தது, பெரும் பஞ்சத்தின் வருஷம். அதில் செத்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த கிழவி. "பஞ்சத்துப் பேர்ல வந்திருக்குது, இது வவுத்துக்குக் கொறையில்லாமப் பொழைக்கோணும்" என்று பேத்தியின் வாயில் முதலில் வைத்தது தேனில்லை, வெண்ணெயாம். அம்மா இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அந்த வெண்ணெய்தான் கடைசிவரை கூட வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது தவறு. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். எட்டாம் நாள் அண்ணனும் நானும் போனோம். அலுவலர் நல்ல மாதிரி, சின்ன வயசு. உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டு எழுதினார். அந்தப் படிவத்தில் ஒரு பகுதி சான்றிதழுக்கு, இன்னொரு பகுதி புள்ளிவிவரத்துக்கு. இரண்டாவது பகுதியில் புகை பிடிப்பாரா, எத்தனை வருஷமாக; புகையிலை போடுவாரா, எத்தனை வருஷமாக; பாக்கு மெல்லுவாரா, எத்தனை வருஷமாக; மது அருந்துவாரா, எத்தனை வருஷமாக என்றெல்லாம் இருக்கிறது. அம்மா வெற்றிலை போடுவார். அண்ணன் கணக்குப் போட்டு, "அறுவது வருசம் இருக்குமுங்க" என்றான். 60 என்று எழுதிக்கொண்டார்.

அதற்கு முன்பே 'தொழில்' என்ற கட்டம் வந்து போயிருந்தது. தொழில் ஏதும் இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுதவும் என்று பக்கத்திலேயே வழி சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மா என்ன வேலைங்க பாத்தாங்க?"

"ஒண்ணுமில்லீங் சார். ஊட்லதானுங் இருந்தாங்க."

'இல்லை'.

எனக்கு அந்த நிமிஷம் உறைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் சுருக்கென்றது. பாக்கு மென்றதற்கு அறுபது வருஷம் பதிவாகிவிட்டது. அந்தப் பாக்கை மடியில் முடிந்துகொண்டு அம்மா செய்ததெல்லாம் ஒரே வார்த்தையில் 'இல்லை'. மறுநாள் தனியாகப் போய்த் திருத்த முடியுமா என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாராம். "அது சான்றிதழ்ல அச்சாகாதுங்க மேடம், யாரும் பாக்க மாட்டாங்க, எதுக்குக் கவலைப்படறீங்க?" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காங்கயத்துக்குத் தென்கிழக்கே. கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் தோட்டம், ஒன்பது ஏக்கர் கொரங்காடு. கொரங்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தரிசு என்று தோன்றும். தரிசு இல்லை. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே நிழலுக்கு வெள்வேல மரம். துண்டு துண்டாக வேலி அடைத்து, ஒரு துண்டில் மேய்ந்து முடிந்ததும் அடுத்த துண்டுக்கு மாட்டை ஓட்டி, முன்னதைத் தழைய விட வேண்டும். எந்தத் துண்டைத் திறப்பது, எத்தனை நாள், எப்போது படலைச் சாத்துவது என்பதெல்லாம் அம்மாவின் கணக்கு. புல்லைக் கையால் கோதிப் பார்த்து, "இன்னும் எட்டு நாள் கெடக்கட்டும்" என்பார். அப்பாவுக்குக் கிணறு, மோட்டார், சந்தை, கண்ணபுரம் மாட்டுத் தேர், அதாவது கோயில் தேரோடு கூடுகிற மாட்டுச் சந்தை. பட்டிக்காரி அம்மாதான்.

1955இல் சென்னிமலைப் பக்கத்திலிருந்து அருமைக்காரர் நடத்தி வைத்த கல்யாணத்தில் இந்த ஊருக்கு வந்தவர். அதற்கப்புறம் வீடு மாறவே இல்லை. மாவட்டம்தான் மாறிக்கொண்டிருந்தது. வந்தபோது கோயமுத்தூர், 1979இல் பெரியார் மாவட்டம், பிறகு அது ஈரோடு, 2009 முதல் திருப்பூர். "நான் எங்கயும் போகாமயே நாலு ஜில்லா பாத்துட்டேன்" என்பார். பிறந்த வீட்டுப் பேச்சை மட்டும் கடைசிக் காலத்தில் எடுக்க மாட்டார். திருப்பூர்ச் சாயத் தண்ணீர் நொய்யலில் இறங்கி, 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பாகிப் போனது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அம்மா குடித்து வளர்ந்த கிணறும் அதில் ஒன்று. ஒருமுறை போய் ஒரு மடக்கு வாயில் விட்டுத் துப்பிவிட்டு வந்தார். அதோடு சரி.

வெண்ணெய்க்கு வருகிறேன். காங்கயம் மாட்டில் பால் அதிகம் வராது. ஒரு நேரத்துக்கு ஒரு லிட்டர் கண்டால் பெரிய காரியம். அது உழவுக்கும் வண்டிக்கும் பிறந்த மாடு. அதனால் வெண்ணெய்க்கென்று எங்களிடம் எருமை இருந்தது. சாமத்தில் எழுந்து, வெயில் ஏறுவதற்குள் கடைந்துவிட வேண்டும். சூடு பட்டால் வெண்ணெய் திரளாமல் நெகிழ்ந்துவிடும். திண்ணைத் தூணில் கயிறு மாட்டி, மொடாவில் மத்தை இறக்கி, அம்மா இழுக்கிற சத்தத்தில்தான் நாங்கள் புரண்டு படுப்போம். முதலில் மொத்தமாக ஒரு மந்தச் சத்தம். போகப் போக அது மெலிந்து, சலங்கென்று தண்ணீர் தளும்புகிற மாதிரி ஆகும். அப்போது குருணை குருணையாக மேலே வந்திருக்கும். ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, வலது கையை நனைத்துக்கொண்டு ஓரமாகவே சுற்றி வருவார். எல்லாம் கையோடு வந்து உருண்டையாகச் சேர்ந்துவிடும். அப்புறம் மூன்று தண்ணீரில் அலசுவார். மோர் வாடை துளி இருந்தாலும் ஊத்துக்குளி வியாபாரி முகர்ந்து பார்த்து விலையைக் குறைத்துவிடுவான். ஊத்துக்குளி வெண்ணெய் என்று ஊர் ஊராகப் பேர் வாங்கினதில் இப்படி எத்தனையோ கிராமத்துப் பொம்பளைகளின் சாமத்துத் தூக்கம் இருக்கிறது.

மோரை விற்க மாட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா ஊற்றுவார். வெண்ணெய்க் காசு சுருக்குப்பைக்குப் போகும். வந்த புதிதில் வீசைக் கணக்கு, பிறகு கிலோக் கணக்கு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் வியாபாரியின் தராசு எந்தப் பக்கம் எத்தனை பலம் தாழ்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். நான் 1981இல் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அப்பா, "பொட்டப்புள்ளைக்குப் போதும்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. சுருக்குப்பையைப் பாயில் கவிழ்த்து எண்ணச் சொன்னார். கட்ட வேண்டிய படிப்புச் சம்பளத்தில் முக்கால்வாசி அதில் இருந்தது. என் ஓய்வூதியம் இன்றைக்கு மாசாமாசம் வருவது அந்த எருமைகள் போட்ட பிச்சை.

ஓர் ராத்திரியைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பதினாறு வயது. அப்பாவும் அண்ணனும் கண்ணபுரம் தேருக்குக் காளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மயிலைப் பசு ஒன்று, தலையீத்து, பொழுது சாய்ந்ததிலிருந்து படுப்பதும் எழுவதுமாக இருந்தது. பன்னிரண்டு மணிவாக்கில் பனிக்குடம் உடைந்து, கன்றின் மூக்கும் ஒரு முன்னங்காலும் தெரிந்தன. இன்னொரு காலைக் காணோம். நான் லாந்தரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டரைக் கூப்பிடலாம் என்றேன். "டாக்டரு வாரதுக்குள்ள கன்னும் போயிரும், மாடும் போயிரும். வெளக்கை எறக்கிப் புடி" என்றார்.

வளையலைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்தார். முழங்கைவரை விளக்கெண்ணெய் தடவினார். மாடு முக்கி ஓய்கிற நேரம் பார்த்துக் கன்றின் தலையை மெதுவாக உள்ளே தள்ளினார். எனக்குத் தலை சுற்றியது. வெளியே வரவேண்டியதை ஏன் உள்ளே தள்ளுகிறார் என்று தெரியவில்லை. கை உள்ளே எங்கேயோ தேடியது. கண் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மொட்டி மடங்கிக் கெடக்குது" என்றார். குளம்பு கருப்பையில் குத்தாமலிருக்க உள்ளங்கையால் மூடி, மடங்கின காலை நீட்டிக் கொண்டுவந்தார். அதற்கே அரைமணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு காலும் சேர்ந்ததும் பழைய சேலைத் துணியைச் சுற்றி என் கையில் கொடுத்தார். "அது முக்கறப்ப நீ இழு. அது ஓயறப்ப நீயும் ஓயி. உன்ற அவசரத்துக்கு இழுக்காதே."

கன்று வழுக்கிக்கொண்டு வந்து என் கால்மேலேயே விழுந்தது. செம்பழுப்பு நிறம். காங்கயம் கன்று பிறக்கும்போது அப்படித்தான் இருக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறும். மூச்சில்லை. அம்மா ஒரு வைக்கோலை எடுத்து மூக்குக்குள் விட்டுத் திருகினார். தும்மியது. அம்மா எழுந்து கையைக் கழுவி, வளையலைப் போட்டுக்கொண்டு, நஞ்சுக்கொடி விழுகிறவரை காத்திருந்து அதை வைக்கோல் பிரியில் சுற்றி வைத்தார், விடிந்ததும் ஆலமரத்தில் கட்ட. அப்புறம் மணி கேட்டார். நாலரை. "செரி, மத்ததுகளக் கறந்துரலாம்" என்று செம்பை எடுத்தார்.

தேரிலிருந்து திரும்பிய அப்பா கன்றைப் பார்த்துவிட்டு, "மாடு நல்லா ஈன்னிருக்குது" என்றார். அம்மா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

1970இல் பெருமாநல்லூரில் மின்கட்டணத்தில் ஒரு பைசாக் குறைக்கக் கேட்ட விவசாயிகளில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவையை மாட்டுவண்டிகளால் அடைத்தார்கள். எங்கள் அப்பாவும் வண்டி கட்டிக்கொண்டு போனவர். அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார். பேச வேண்டியதுதான், அது சின்னக் காரியமில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா வண்டியில் போன அந்த நாட்களில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் கட்டியது யார் என்று எனக்குத்தான் தெரியும். அம்மா ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் கைத்தடி. பாம்பு விலகுவதற்காக ஒவ்வோர் அடிக்கும் தரையைத் தட்டிக்கொண்டே போவார். நான் பின்னால் பேட்டரி லைட்டோடு. பாத்தி நிரம்பினதும் மடை மாற்றி, அடுத்த பாத்தி நிரம்புகிறவரை வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார். அதுதான் அவருக்கு ஓய்வு. அந்தப் படிவத்தில் ஏறிய அறுபது வருஷம் இப்படி வரப்பில் கழிந்ததுதான்.

ஊருக்குப் பால் சொசைட்டி வந்த பிறகு எருமை போய்க் கலப்பின மாடு வந்தது. வெண்ணெய் நின்றது, வியாபாரி நின்றான். காலையும் மாலையும் கேனைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவது அம்மா. பால்மானி மிதக்கும்போது அதையே முறைத்துப் பார்ப்பதும் அம்மா. உறுப்பினர் அட்டை மட்டும் அப்பா பேரில். நிலம் அப்பா பேரில் இருந்ததுபோலத்தான். அப்பா போன பிறகு இரண்டும் அண்ணன் பேருக்கு மாறின. அம்மா பேரில் ஒரு சென்ட் கிடையாது. அதனால் விவசாயிகளுக்கு வருஷம் 6,000 ரூபாய் என்று வந்தபோதும் அது அண்ணன் கணக்குக்குத்தான் போனது. இதை நான் குறையாகச் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும். "அம்மாவுக்கு நான் என்ன கொறை வெச்சேன்?" என்பான். உண்மைதான், ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசி மூன்று மாதம் படுக்கையில் இருந்தபோது அவனே தூக்கிக் குளிப்பாட்டினான். அதனால்தான் அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அம்மா செய்தது வேலை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நான் கோபிப் பக்கம் ஒரு கிராமத்தில் கணக்கெடுப்பாளர். பிப்ரவரி வெயில். அந்த வருஷப் படிவத்தில், போன வருஷம் எப்போதாவது வேலை செய்தீர்களா என்ற கேள்வியிலேயே, சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ சம்பளமில்லாமல் செய்ததும் சேரும் என்று அச்சடித்திருந்தார்கள். பயிற்சி வகுப்பில் அதை இரண்டு தடவை அடிக்கோடிட்டுச் சொல்லியும் அனுப்பினார்கள். பெண்கள் கணக்கில் விட்டுப்போகிறார்கள், கேட்டு எழுதுங்கள் என்றார்கள். நான் என்ன செய்தேன்? திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளையிடம், "வீட்டம்மா வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டேன். "ஊட்டு வேலைதானுங் டீச்சர்" என்றார். எழுதிக்கொண்டேன். அதே நேரம் அவருக்குப் பின்னால் ஒரு சோளத்தட்டுக் கட்டு நடந்து போனது. கட்டுதான் நடந்தது. அதற்குக் கீழே இருந்த பொம்பளையின் முகம்கூடத் தெரியவில்லை, இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது. அந்தப் பாதத்துக்குரியவரைத்தான் அந்த நிமிஷம் வேலை செய்யாதவர் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு வீடு மட்டுமா என்று கேட்டால் இல்லை. வீட்டுக்கு வீடு அதே கேள்வி, அதே பதில். வெயிலுக்கு முன் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும், கைக்குழந்தை இருந்தது. 2001இல் மறுபடி போனேன். வீட்டுத் தேவைக்கு மட்டும் பால் கறந்தாலும் அது வேலைதான் என்று அந்தத் தடவை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் நின்று கேட்டேன். உள்ளே போய்ப் பொம்பளைகளிடமே கேட்டேன். அவர்களும், "நான் என்னங் வேலை செய்யறேன், சும்மாதானுங் இருக்கறேன்" என்றார்கள், கையில் சாணியோடு. 2027 கணக்கெடுப்புக்குப் போகப்போகிற சின்ன டீச்சர்கள் யாராவது இதைப் படித்தால், திண்ணையைத் தாண்டி, மாடு கட்டுகிற கட்டுத்தரைவரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் போகவில்லை.

அம்மா கறக்காத நாட்களை எண்ணிவிடலாம். நாங்கள் ஐந்து பேர் பிறந்தபோது ஒவ்வொரு தடவையும் சில நாள். ஐந்தில் மூன்றாவது எட்டாம் மாதத்தில் போனது, அன்றைக்கு ஒரு நேரம். அம்மாயி செத்தபோது இரண்டு நாள். அப்பா போனபோது மூன்றாம் நாளே செம்பை எடுத்துவிட்டார். உறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் முகம் சுளித்தார்கள். "மடி கட்டிக்கிட்டா மாட்டுக்கு வலிக்காதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் விடுமுறைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமையாவது கொஞ்சம் படுங்கள் என்றால், "ஞாயித்துக்கெழமைன்னு மாட்டுக்குச் சொல்லிட்டு வா கண்ணு, படுத்துக்கறேன்" என்பார்.

2016இல் வடகிழக்கு மழை பொய்த்தது நினைவிருக்கும். கொரங்காட்டில் புல் வேரோடு பொடிந்தது. அம்மாவுக்கு 80 முடிந்திருந்தது. அண்ணன் மாட்டையெல்லாம் விற்றுவிடலாம் என்றான். இரண்டு காங்கயம் பசுவை மட்டும் விடமாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்து, வெள்வேலக் காய் பொறுக்கிப் போட்டே மூன்று மாதம் ஓட்டினார். 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அரசு அறிவித்தது. அதே மாதம் ஜல்லிக்கட்டுப் போராட்டம். கோவையில் படித்துக்கொண்டிருந்த பேரன், காங்கயம் காளைப் படம் போட்ட பேனரோடு வ.உ.சி. மைதானத்தில் நின்று வீடியோவில் கூப்பிட்டான். அம்மா செல்போனை எட்டப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நல்ல காளை. இன்னைக்கு அதுக்குத் தீவனம் யாரு வெச்சா?" என்று கேட்டார். பையனுக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை ஊருக்கு வந்து காய் பொறுக்கினான், அதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் பத்திரிகைக்கும் அம்மாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு, அதற்காகவே உங்களுக்கு எழுதத் துணிந்தேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்றேன். நான் போகும்போதெல்லாம் பேப்பரை எடுத்து வைத்திருப்பார். இரண்டே செய்திதான் கேட்பார். எந்தெந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் மழை. அப்புறம், சிவன்மலை ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள். பக்தர் கனவில் வருகிற பொருளை அந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதும், அதை வைத்து ஊர் உலகம் அர்த்தம் பார்ப்பதும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மண், தண்ணீர் என்று ஏதாவது வரும்போது அம்மா தன் அர்த்தத்தைச் சொல்லுவார், பெரும்பாலும் மாட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஒருநாள், "பால் செம்பு எப்பவாச்சும் வெச்சாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். "அதுக்கெல்லாம் யாருக்குக் கனவு வரும், தூங்கினாத்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இந்தப் படிவத்துக் கதையைச் சொன்னேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான். பரிமாறிக்கொண்டிருந்த நங்கை, அண்ணன் சம்சாரத்தை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், முப்பத்தைந்து வருஷமாக அம்மாவோடு கட்டுத்தரையில் நின்றவர், ரசச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப எனக்கும் அதையேதானுங் எழுதுவாங்க?" யாரும் பதில் சொல்லவில்லை. "ரசம் ஊத்தட்டுங்களா?" என்று அடுத்த இலைக்குப் போனார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஒரு திருத்தம் போட முடியுமா என்று கேட்கத்தான் இவ்வளவும். வயது 89. தொழில் என்ற இடத்தில் விவசாயம், கால்நடை வளர்ப்பு. விளம்பரப் பகுதியில்தான் வரும், வரிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும் என்றால் தெரியப்படுத்துங்கள். அம்மாவின் தலையணைக்குக் கீழே சுருக்குப்பையில் 740 ரூபாயும் நாலு கொட்டைப்பாக்கும் இருந்தன. காசு போதாவிட்டால் மீதியை நான் போட்டுக்கொள்கிறேன்.

என் பெயரைப் போட வேண்டாம். அண்ணன் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஈரோடு.